அண்ணா, நம் கயலும் பட்டாளத்துக்குப் போகிறாள்

என் பிரியமான அண்ணா,

நீ கண்மூடியபின் வீட்டில் நடந்த முதல் பெரிய விஷயத்தை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நம் தங்கை மல்லிகாவின் மகள் கயல் ராணுவத் தேர்வில் தேறிவிட்டாள். மல்லிகாதான் ஒரு வாரமாகச் சம்மதிக்கவில்லை.

நீ பட்டாளத்தில் சேர்ந்த காலத்தில் நமக்கு இருந்தது ஒரே தறி. ஏன் போனாய் என்று கேட்பவர்களிடம், "சோத்துக்குத்தான் போனேன். போன எடத்துல வேலைய ஒழுங்கா செஞ்சேன்" என்பாய். என் இத்தனை வருடப் பத்திரிகை நிருபர் வேலையில் இவ்வளவு நேரான பதிலை நான் அதிகம் கேட்டதில்லை. டீக்கடையில் டிவியைப் பார்த்துச் சண்டை வேண்டும் என்று கத்தியவரிடம், "உங்க வூட்லருந்து யாருண்ணே வர்றாங்க? எல்லைக்கு அந்தாண்ட நிக்கிறவனும் சோத்துக்கு வந்தவன்தான்" என்றாயே!

முதல் லீவில் அப்பாவுக்கு ஓய்வு கொடுக்கத் தறியில் உட்கார்ந்தாய். துப்பாக்கி பிடித்துக் காய்த்த உள்ளங்கையில் பட்டிழை சிக்கி அறுந்தது. "எழுந்துருடா, இந்தக் கை பட்டுக்கு ஆவாது" என்றார் அப்பா. "உங்க பட்டுக்கு ரொம்பத்தான் திமிருப்பா" என்று சிரித்தபடி எழுந்தாய். அதன்பின் நீ தறியில் உட்காரவே இல்லை. உனக்குப் பென்ஷன் இருந்தது, சமாளித்தாய்.

மல்லிகாவின் பயமும் அதுதான். "இவளுக்கு நாலு வருஷந்தாண்ணா வேல. கை காச்சிப்போய் வந்தா பென்ஷனும் கெடையாது, தறியும் கெடையாது. அப்ப என்னா பண்ணுவா?"

"நல்லா பண்ணா வச்சிப்பாங்கம்மா" என்றாள் கயல்.

"வச்சிக்கலன்னா?"

"நீயும் நானும் ராவும் பகலும் நெய்ஞ்சிகினுதான் இருக்கோம். என்னாத்த மிச்சம் புடிச்சோம்? பெரிய மாமா போனப்ப யாருனா தப்பு சொன்னீங்களா?"

"உன்னத் தப்பு சொல்லலடி. நம்ம இல்லாமையப் பாத்து, நாலே வருஷத்துக்குக் கூப்புடுறாங்களே, அவங்களச் சொல்றேன்."

  நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் அண்ணா?

கடைசியில் மல்லிகாவே மகளின் தலையைத் தடவி, "போய்ட்டு வா. திரும்பி வந்தா இது உன் வூடு" என்றாள்.

வறுமையால் போகிறவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் மல்லிகாவின் கேள்வி கயலை அழைத்தவர்களுக்கானது. அவர்கள் பதில் சொல்லும்வரை அதைக் கேட்டு எழுதிக்கொண்டே இருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

கயலை ரயிலேற்றப் போகும்,
உன் தம்பி