பெரிய மேட்டு கேமும் நான் வைத்த பொட்டும்

அதைத்தான் சொல்ல வந்தேன், என் தங்கத் தம்பி ஏழுமலை, உன் இஞ்சின் சாமானுக்கு நான் பொட்டு வைத்தது தப்பாகிப் போச்சு. நீ போய் ஆறு மாசத்தில் உனக்கு நல்ல சேதி எழுத எத்தனையோ தடவை பேனா எடுத்திருக்கிறேன். இன்றைக்கு மன்னிப்புக் கேட்க எடுத்திருக்கிறேன். கோபப்படாமல் கடைசி வரைக்கும் கேள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். உன் மகள் தீபாவைக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். செக்கிங் பிரிவு. அளக்கிற கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம், உன்னை மாதிரியே. பெற்றவள் போன நாளிலிருந்து அவளுக்குத் தலை வாரி வளர்த்தவள் நான். இன்றைக்கு அவள் எனக்குப் புடவை எடுத்துத் தருகிறாள். முருகன் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

ஆனால் கம்பெனி பஸ்ஸில் மட்டும் ஏற மாட்டேன் என்கிறாள். நீ தை மாசம் வேலை முடிந்து வரும்போது ஜன்னலோரமாய்ச் சாய்ந்தவன் சாய்ந்தவன்தானே. இறங்கச் சொல்லி எழுப்பினார்களாம், நீ எழவில்லை. அந்த பஸ் ஹாரன் அடித்தாலே இவள் முகம் மாறிவிடுகிறது. ஷேர் ஆட்டோ பிடித்து, புதுவாயலில் இறங்கி, வேறு வண்டி மாறிப் போகிறாள். போன மாசம் ஒருநாள் வந்து நின்றாள்.

"அத்தை, அப்பா வண்டியை நானே ரெடி பண்ணி ஓட்டப் போறேன்."

"இன்னாடி சொல்றே? அது இஞ்சின் பிரிச்சுப் போட்டது பிரிச்சபடி கெடக்குது."

"அதான் மாட்டப் போறேன்."

நீ எதற்காகத்தான் அதைப் பிரித்தாய் ஏழுமலை? பழைய பைக் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது! பிஸ்டன் ஓடுகிற துளையை, போர் என்பாயே, அதைப் பெரிசு பண்ணினாய், பிஸ்டனை மாற்றினாய், சைலன்சரை மாற்றினாய். ஆவணியில் கோயம்புத்தூரில் கேம் ஷாஃப்ட், கேம் என்பாயே, அந்த இஞ்சின் சாமானுக்குச் சொல்லி வைத்தாய். ஒரு மாசம் காத்திருந்தாய், கொரியர்காரனைக் கண்டால் கோயில் பூசாரியைக் கண்ட மாதிரி எழுந்து நின்றாய். அது வந்து சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்து ஆரணிக்குப் போனவன் வேர்த்து விறுவிறுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாய். "இன்னா நைனா, வண்டி மேல நீ போனியா, உன் மேல வண்டி வந்துச்சா?" என்று நான்கூடக் கேலி பண்ணினேன். நீ நேரே ஸ்பேனரை எடுத்து உட்கார்ந்துவிட்டாய். அப்போது தீபா மணவாள நகர் ஹாஸ்டலில் இருந்தாள், நீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது அவளுக்குத் தெரியாது. அன்றைக்குப் பிரித்த இஞ்சின்தான். அப்புறம் கம்பெனியில் உனக்கு இரட்டை ஷிஃப்ட், வண்டி மேல் போர்வை போர்த்தினோம். வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் சேர்த்துத்தான் சாம்பிராணி காட்டுகிறேன்.

புதுவாயல் மெக்கானிக் பாஷா பாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நல்ல மனுஷன். நீ எதையும் நீயே பிரித்து நீயே மாட்டுகிறவன் என்பதால் இதுவரை இந்த இஞ்சினை அவர் பார்த்ததில்லை. தன் கடையிலிருந்து ஒரு கேமைக் கொண்டுவந்திருந்தார். கவருக்குள் தேன் மாதிரி எண்ணெயில் மினுமினுத்தது. ஒரு சாண்கூட இல்லை, சின்ன இரும்புத் தண்டு. அதில் முட்டை வடிவத்தில் இரண்டு மேடு.

"இது இன்னா பண்ணும் பாய்?" என்று கேட்டேன்.

"இஞ்சினுக்கு வாசக்கதவு மாதிரி வால்வு இருக்குதுக்கா. இந்த மேடு சுத்தி வந்து அதைத் தொறக்கும். மேடு பெரிசா இருந்தா கதவு நல்லா தொறந்துக்கும், ரொம்ப நேரம் தொறந்தே நிக்கும். காத்து, பெட்ரோலு எல்லாம் நெறைய பூரும். வேகத்துல பறக்கும்."

"அப்ப பெரிசுதானே நல்லது?"

"வேகமா போறப்ப நல்லதுதான். மெதுவா போறப்ப? உள்ள வந்தது நிக்காம வெளிய போய்டும். இழுவை இருக்காது. ஆக்ஸிலேட்டரை விட்டா ஆஃப் ஆயிடும்." அப்புறம் தீபாவைப் பார்த்தார். "நான் கொண்டாந்தது சின்ன மேடு. அப்பா பண்ணி வெச்ச போருக்குப் போதும். கேம் வாங்குறது ஸ்பீடு பாத்து இல்லம்மா, ரோடு பாத்து. நீ எந்த ரோட்ல ஓட்டப் போறே?"

"ஹைவேல."

"புதுவாயல் கூட்டு ரோட்ல லாரிங்க பின்னால எவ்ளோ நேரம் நிக்கிறே?"

"பத்து நிமிஷம்."

"அதாம்மா உன் ரோடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீபா சிரிக்கவில்லை. உள்ளே போய் உன் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். நீ கோயம்புத்தூர் கேமைத் துணியில் சுற்றி வைத்தாயே, அதே டப்பா.

"அப்பா இதுக்காக ஒரு மாசம் காத்துக்கினு இருந்தாரு பாய். மாட்டுறதுக்குள்ள போய்ட்டாரு. நான் இதைத்தான் போடுவேன்."

"பின்னால ட்ரெய்லர்காரன் ஏறிக்கினு வரப்போ வண்டி நின்னு போச்சுன்னா?"

"நிக்காம பாத்துக்கிறேன்."

டப்பாவைத் திறந்தாள். அங்கேதான் ஏழுமலை, என் தப்பைப் பார்த்தேன். இரண்டு மேட்டின் உச்சியிலும் செம்பட்டையாய்த் துரு, ஊசியால் குத்தின மாதிரி பள்ளம் பள்ளமாய். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அகலம். அது பொட்டு வைத்த இடம். வைத்தவள் நான்.

போன ஆயுத பூஜைக்கு நீ ஷிஃப்டுக்குப் போயிருந்தாய். உன் ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். இவ்வளவு ஆசையாய் வாங்கினதை மட்டும் சாமிக்குக் காட்டாமல் விடலாமா என்று டப்பாவையும் திறந்தேன். ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. அதன் மேல் சந்தனம் ஒட்டவே இல்லை. ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, மறுபடியும் சுற்றி மூடிவிட்டேன். அந்த எண்ணெய்தான் அதற்குக் காவல் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"இந்த எடம் மொகம் பாக்குற கண்ணாடியாட்டம் இருக்கணும்க்கா" என்றார் பாஷா பாய், மெதுவாக. என்னைத் திட்டவில்லை. தீபாவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். ராத்திரி சாப்பாடு போடும்போதுதான் பேசினாள்.

"சம்பளம் வந்ததும் மெட்ராஸ் போய் இதைத் தேச்சு பாலீஷ் போட்டுக்கினு வரேன் அத்தை. போட்டா இதைத்தான் போடுவேன். அப்பா கேக்கணும்னு நெனச்ச சத்தம் அது. அவர் கேக்கல, நானாச்சும் கேக்குறேன்."

 சாமான் கெட்டது என்னால். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? சின்னதைப் போடு என்றால், அப்பா ஆசையையும் கெடுத்தாய், இப்போது தடுக்கவும் வந்தாயா என்று நினைப்பாளோ? பெரிசைப் போடு என்றால், அந்தக் கூட்டு ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றுபோய் இவள் உதைத்துக்கொண்டிருப்பதுதான் கண்ணுக்குள் வருகிறது. தூக்கம் போச்சு. சிறுவாபுரி முருகனிடம் ஆறு செவ்வாய் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன், இரண்டு ஆச்சு. அவர் பேசவில்லை. நீயாவது கனவில் வந்து சொல்லக் கூடாதா, எந்த கேம் என்று?

நீ பயப்படாதே. எதைப் போட்டாலும் சரி, அந்த வண்டி முதல் நாள் ரோட்டுக்குப் போகும்போது பின்சீட்டில் நான் உட்கார்ந்திருப்பேன். புதுவாயல் கூட்டு ரோட்டைத் தாண்டும் வரைக்கும் அவள் தோளில் இருந்து கையை எடுக்க மாட்டேன். இது சத்தியம்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த,
உன் ஒரே அக்கா
கன்னியம்மா

எழுதி மடித்த பிறகு ஞாபகம் வருகிறது, ஏழுமலை. பாஷா பாயின் புது கேமில் இருந்த எண்ணெய் தேன் நிறம். ஆயுத பூஜை அன்றைக்கு உன் கேமைத் துடைத்தபோது என் துணி கன்னங்கரேல் என்று ஆச்சு. ஓடின இஞ்சின் எண்ணெய்தானே அப்படிக் கறுக்கும்? அப்படியென்றால் நீ அதை மாட்டிவிட்டாய். அந்தச் சத்தத்தைக் கேட்டும்விட்டாய். ஆரணியிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த அன்றைக்கு அதை வேண்டாம் என்று கழற்றி வைத்தவனும் நீதான். எத்தனை சோப்பு போட்டும் அந்தக் கறுப்பு போகவில்லை. அந்தத் துணி இன்னும் அடுப்படியில்தான் கிடக்கிறது, தீபா தினமும் சோற்றுப் பானை இறக்குவது அதைப் பிடித்துத்தான்.