சத்தம் வராத கீபோர்டு

கொடைக்கானல்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

அன்பு மகன் ஜாசிமுக்கு அம்மா சாஹிரா சொல்லும் ஸலாம், அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், உன் அத்தா, தங்கச்சி மூவரும் சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் வாடாமல் வதங்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே பஜார் முழுக்கப் பனிமூட்டம், எதிர்க்கடை போர்டு மத்தியானம் வரைக்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை, துவைத்துப் போட்ட துணி நாள்கணக்காக ஈரமாகவே கெடக்கு. இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி அல்மாஸ் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். (அடிப்பதும் நான், அடி வாங்குவதும் நான். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளையைச் சம்பளமில்லாத டைப்பிஸ்ட் ஆக்கிவிட்டார்கள். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு அண்ணா, அம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) என்னடி சிரிப்பு என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள், என்னத்தையோ இடையில் செருகுகிறாள் என்று தெரிகிறது, போகட்டும். போன வாரம் போனில், நானே ஒரு கடிதம் அடித்து அனுப்புகிறேன்டா என்று சொன்னேன் அல்லவா, அது ஏன் உனக்கு வரவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் அடிக்காமல் இல்லை. ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். அது போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

ஆதியிலிருந்து சொல்கிறேன். நீ விட்டுப்போன கம்ப்யூட்டரில் மவுஸ் வயரை எலி கடித்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். (சொந்தக்காரன் வாலையே கடித்த எலி. சொத்துத் தகராறாக இருக்கும்.) பழைய கீபோர்டும் ஈரத்தில் ஊறி, ஒரு கட்டையை அமுக்கினால் பக்கத்துக் கட்டையும் துணைக்குப் போனது. வயர் இல்லாததாக வாங்குங்கம்மா, எலிக்குச் சோலி இருக்காது என்று நீதான் சொன்னாய். உன்னோடு படித்த குமரகுரு ஏழு ரோடு சந்திப்பில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறானே, அங்கே மூவருமாகப் போனோம். அவன் இருக்கிறதையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பிவிட்டான். ப்ளூடூத்தில் ஓடுவது ஒரு வகையாம், ரிசீவரில் ஓடுவது ஒரு வகையாம், உங்க கம்ப்யூட்டர் ஜாசிம் காலேஜ் படிக்கயில வாங்குனது, அதுல ப்ளூடூத் கெடையாதுங்கம்மா, ரிசீவர்தான் தோது என்று சொல்லி, சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு துண்டைக் காட்டினான். அதைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டால் கீபோர்டு, மவுஸ் இரண்டும் அதோடு மட்டும்தான் பேசுமாம், அதைத் தொலைத்துவிட்டால் இரண்டும் ஊமையாம். உன் அத்தா அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, ஏப்பா, பக்கத்து வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு இருந்தா நாம அடிக்கிறது அங்க போயிராதா என்று கேட்டார். போகாதுங்க பாவா பாய், அதது அதனோட ஜோடியத்தான் தேடிப் போகும் என்றான். கண்ணும் இல்ல கயிறும் இல்ல, அதுக்கு எப்படிடா தெரியுது என்றார். குமரகுரு சிரித்துவிட்டு, அத ஜாசிம்கிட்டக் கேளுங்க பாய், அவந்தான் வெளக்கமாச் சொல்லுவான் என்றான். அவ்வளவுதான், உன் அத்தா துண்டைக் கீழே வைத்துவிட்டு, வெலையச் சொல்லுப்பா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அது கிடக்கட்டும், எதை எடுப்பது என்பதில் எங்கள் மூவருக்கும் மூன்று கட்சி. உன் அத்தாவுக்குக் கடக் கடக்கென்று சத்தம் வருகிற கீபோர்டுதான் வேண்டும், குளிர்ல வெரலு மரத்துப் போகுது, சத்தம் கேட்டாத்தான் அமுங்குச்சான்னு தெரியும் என்கிறார். அல்மாஸுக்கு ஏழு நிறத்தில் விளக்கு எரிய வேண்டுமாம், ஏன்டி, தர்காவுல கந்தூரிக்குச் சீரியல் லைட்டா கட்டப்போற என்று அத்தா கேட்டதும் அது போனது. மவுஸில் சின்னது என் கைக்கு அளவாக இருந்தது, உன் அத்தா பிடித்தால் உள்ளங்கைக்குள் காணாமல் போனது, அதனால் நடுத்தரமாக ஒன்று. சார்ஜ் போடுகிறது வேண்டாம், பென்சில் பேட்டரி போடுகிறதாகப் பார் என்றேன், மழை பெய்தால் இங்கே கரண்டு எப்போது வரும் என்று உனக்கே தெரியும், பேட்டரி என்றால் கீழே நம் பலசரக்குக் கடையிலேயே தொங்குகிறது. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தேன், ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றேன், அமுக்கினால் சத்தமே வரக்கூடாது என்று. குமரகுரு என்னை விநோதமாகப் பார்த்தான். உன் அத்தாதான், எடுத்துக் குடுப்பா, எங்க வீட்டுல சத்தம் போடாத சாமான் ஒண்ணாவது இருக்கட்டும் என்று முடித்துவைத்தார். ஏன் பிடிவாதம் பிடித்தேன் என்று அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். போனில் பேசினால் நம் வீட்டு மரத்தளத்தைத் தாண்டிக் கீழே கடைக்கு எல்லாம் கேட்கிறது. நீ போன மாதம் சொன்னாயே, அத்தா வான்னு ஒரு வார்த்தை சொன்னா டிக்கெட் போடுறேம்மா, இல்லாட்டி என் லீவை வேற ஆளுக்கு விட்டுக் குடுத்துர்றேன், ஆபீஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க என்று, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரிடம் சொல்லவும் பயம், உன்னிடம் வாய்விட்டுப் பேசவும் வழியில்லை. அதனால்தான் சத்தம் வராத கீபோர்டு.

வாங்கி வந்த அன்றைக்கே உன் அத்தா ஆராய்ச்சியை ஆரம்பித்துவிட்டார். அம்புக்குறி நகருதா பாரு, அம்புக்குறி நகருதா பாரு என்று அல்மாஸைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டு, மவுஸைக் கையில் பிடித்துத் தொடையில் தேய்த்துக்கொண்டே மாடிப்படி இறங்கினார், ரோட்டுக்கே போய்விட்டார். பனியில் எதிர்க்க மெடிக்கல் ஸ்டோர் இராமலிங்கம் பார்த்துவிட்டு, என்ன பாய், எலிக்குஞ்சு எதும் வளக்குறீங்களா, இந்தத் தடவு தடவுறீங்க என்று கேட்டிருக்கிறார். படி வரைக்கும் வேலை செய்கிறது, ரோட்டில் செய்யவில்லை என்று பிறகு நான்தான் பார்த்துச் சொன்னேன். (ரோட்டிலும் நகர்கிறது அத்தா, இன்னும் போங்க, இன்னும் போங்க என்று கத்தியது நான்தான். ஏரி வரைக்கும் அனுப்பப் பார்த்தேன், இராமலிங்கம் மாமா கெடுத்துவிட்டார்.) மறுநாள் மவுஸ் அசையவே இல்லை. பேட்டரியை மாற்றினார், பிஸ்மி சொல்லித் தட்டினார், கடைசியில் புரட்டிப் பார்த்தால் அடியில் வெளிச்சம் வருகிற கண்ணை மறைத்து ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறாள் இந்தக் கழுதை. இப்படியெல்லாம் செய்கிறவள் என்பதால்தான் பின்னால் பழி இவள் மேல் விழுந்தது. அத்தாவுக்கோ சந்தேகம் தீரவில்லை. சுவரைத் தாண்டுமா, பலகையைத் தாண்டுமா, பக்கத்தில் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தால் குழம்புமா என்று சாப்பிடும்போதும் கேட்கிறார். ஜாசிமைக் கேளுங்களேன் என்றால், அவனும் வேணாம் அவன் பதிலும் வேணாம் என்கிறார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். அல்மாஸ் எழுதுகிற பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு ஸ்கூலுக்குப் போயிருந்தாள். அம்மா என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழாக வருகிற மாதிரி நீ போட்டுக்கொடுத்திருக்கிறாய், ஒரு வரி முடிந்தால் எண்டரை அமுக்கணும் என்று அல்மாஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். எனக்கு எழுத்தைத் தேடித் தேடித்தான் அடிக்க வரும், அதனால் தலையைக் குனிந்தால் நிமிர்வதில்லை. சத்தமே இல்லாமல் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். நீ விட்டுப்போன நீல ஜெர்க்கினைப் போட்டுக்கொண்டுதான் உன் அத்தா படுக்கிறார், கேட்டால் குளிர் என்கிறார் என்று அடித்தேன். நீ மஸ்கட் போனதில் அவருக்குக் கோபமில்லை, விசா வந்ததைப் பள்ளிவாசலில் வேறு ஆள் சொல்லித் தெரிந்துகொள்ளும்படி வைத்தாயே, அதுதான் ஆறவில்லை என்று அடித்தேன். நீ கேட்ட ஒரு வார்த்தையை அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை என்றும் அடித்தேன். கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, உன் அத்தா உன்னை வரச் சொன்னார் என்று அடித்து எண்டரை அமுக்கினேன். பொய்தான். பிள்ளை வந்து வாசலில் நின்றுவிட்டால் யார் போ என்று சொல்லப்போகிறார்கள் என்ற நினைப்பு. நிமிர்ந்து பார்க்கிறேன், திரை வெறும் வெள்ளையாக இருக்கிறது. ஒரு புள்ளிகூட இல்லை. மறுபடி அமுக்கினேன், ஒன்றும் வரவில்லை. அல்மாஸ் வந்து பையைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன், என்ன செஞ்சடி என்று. நான் இல்லம்மா, குர்ஆன் மேல சத்தியமா நான் இல்ல என்று அழுதே விட்டாள். (கண்ணில் தூசி. ஆனாலும் செய்யாத குற்றத்துக்கு வாங்குகிற திட்டு ரொம்பக் காரம் அண்ணா, செய்ததற்கு வாங்குவது பழகிவிட்டது.) சுற்றிப் பார்த்துவிட்டு அவள்தான் சொன்னாள், அம்மா, ரிசீவரைக் காணோம்.

மறுநாள் வெள்ளனே நம் வாடிக்கைக்காரன் வடகவுஞ்சி செல்வம் ஜீப்பைக் கடை முன்னால் நிறுத்தி இறங்கினான், முந்தின நாள்தான் அவன் வீட்டுக்குப் பலசரக்கு வாங்கிப் போயிருந்தான். நான் மேலே ஜன்னலில் நின்றேன். பாய், எங்க வீட்டுக்காரி துர்கா பில்ல வரி வரியாப் பாக்குறவ, பருப்பு சரி, சீனி சரி, சோப்பு சரி, அதுக்குக் கீழ, அத்தா உன் ஜெர்க்கினப் போட்டுக்கிட்டுத்தான் படுக்குறாருன்னு இங்கிலீசு எழுத்துல இருக்கு, ரேட்டு சைபர்னு போட்டிருக்கு, அது ஓசியான்னு கேட்டுட்டு வரச் சொன்னா என்றான். உன் அத்தா அப்போதும் அந்த ஜெர்க்கினைத்தான் போட்டிருந்தார். செல்வம் அதைப் பார்த்தான், பில்லைப் பார்த்தான், வெரசா ஜீப்பில் ஏறிவிட்டான். அப்புறம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. பலகையைத் தாண்டுமா என்று பார்க்க உன் அத்தா காலையில் ரிசீவரைக் கழற்றிக் கீழே கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டரில் செருகியிருக்கிறார், அதற்குள் டூரிஸ்ட் பஸ் வந்து நின்றதும் மறந்துவிட்டார். நான் மேலே அடித்ததெல்லாம், அதில் தமிழ் வராததால் இங்கிலீஷ் எழுத்திலேயே, கீழே பில்லில் சாமானாக ஏறியிருக்கிறது. எடை போட்டுக்கொண்டிருந்தவர் பார்க்காமலே பில்லைக் கிழித்துச் செல்வத்திடம் கொடுத்துவிட்டார், மிச்சம் திரையில் தானாக வந்துகொண்டே இருந்திருக்கிறது. இராமலிங்கம் பிறகு என்னிடம் சொன்னார், டீத்தூளுக்கு வந்து நின்னேம்மா, பாய் மொதல்ல பேயோன்னு பயந்து அவூது ஓதிப் பின்னால நகந்தாரு, பெறகு கிட்டப் போயி ஓதுற மாதிரி வாய அசைச்சுக்கிட்டே நின்னாரு, ஆளுக நிக்கிறது அவருக்குத் தெரியவே இல்ல என்று. நினைத்துப்பார் ஜாசிம், முதல் வரி வந்ததுமே அவர் ரிசீவரைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. தான் சொல்லாத வார்த்தை தன் பேரில் வருகிற வரைக்கும் நின்று படித்திருக்கிறார். படித்துவிட்டு அன்றைக்கு மேலே வந்து மீன் குழம்பு நல்லா இருக்கு என்று வேறு சொன்னார்.

செல்வம் வந்து போன அன்று மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்தவர், நான் எப்பச் சொன்னேன் என்றார். என்னத்த என்றேன், தெரியாத மாதிரி. அவன வரச் சொன்னதா என்றார். அவன் சொல்லாமப் போனாங்கிறதுதான சாஹிரா என் கோவமே, நீ நான் சொல்லாததச் சொன்னேங்கிற, ஆத்தாளுக்கும் மகனுக்கும் இடையில நான் எதுக்கு என்று கையைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அந்தச் சோறு அப்படியே இருந்தது. கெடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன், நேற்று முழுக்க எனக்கு எந்தச் சோலியும் ஓடவில்லை. இன்று ஜும்ஆ தொழுதுவிட்டு நேராக மேலே வந்தார், ஏலக்காய் மடிக்கிற மாதிரி காகிதத்தில் பொட்டலம் கட்டிய ஒன்றை என் கையில் கொடுத்தார். பிரித்தால் ரிசீவர். மறந்து கெடந்துச்சு என்றார். பிறகு, நீயே மறுபடி எழுது, நடந்தத மட்டும் எழுது, எனக்கும் அவன்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும், கடைசியில எடம் விடு என்று சொல்லிவிட்டு இதோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், திரையைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு. (அம்மா சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். மீன் குழம்பு வந்தபோது இருமினார்.)

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. பண்ணைக்காட்டிலிருந்து மிளகு நல்லதாக வந்திருக்கிறது, உனக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். பிரிட்ஜ் தண்ணீரை அப்படியே குடிக்காதே, விடியற்காலை பஜ்ர் தொழுகையை விடாதே, ரூமில் இருக்கும் பையன்களோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடு, பரோட்டாவிலேயே காலத்தை ஓட்டாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் கொடுத்து, போன பாதையிலேயே பத்திரமாகத் திருப்பியும் கொண்டுவரட்டும், ஆமீன். ஒன்றை மறந்துவிடாதே, லீவை யாருக்கும் விட்டுக்கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படி.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா சாஹிரா

(அத்தா கீபோர்டை மடியில் வாங்கிக்கொண்டார். ஒரே விரல். நான் உதவப் போனால் கையைத் தட்டிவிடுகிறார். இனி வருவது அவர் அடிப்பது, நான் ஒரு எழுத்தும் தொடவில்லை. குர்ஆன் மேல சத்தியமா.)

ஜாசிம். அத்தா. ராத்திரி இந்த மவுஸை அணைச்சு வைக்கணுமா, அப்படியே விடலாமா. ஊரெல்லாம் இத்தன இருக்கையில நம்ம பெட்டிக்குத்தான் வரணும்னு இதுக்கு எப்படித் தெரியுது. குமரகுரு சொன்னது வெளங்கல. நீ போன்ல சொன்னாலும் வெளங்காது, நேர்ல பிரிச்சுக் காட்டணும். நீல ஜெர்க்கின் தோள்பட்டை எனக்குப் படிஞ்சு போச்சு, அதத் திருப்பித் தர முடியாது. உனக்கு வேற ஒண்ணு எடுத்துக்கிட்டு வா.

பாவா