இடம் எழுதாத கடைசி வரி

அன்புள்ள நண்பருக்கு,

நேற்றுக் கொக்குவில் சந்திக் கடையில் என் கைத்தொலைபேசிக்கு ஒரு நினைவக அட்டை வாங்கினேன். விரல் நகமளவுதான். கடைக்காரப் பெண் அதை என் உள்ளங்கையில் வைத்து, "கரண்ட் போனாலும் இதிலை ஒண்டும் அழியாது, சேர்" என்றாள். நான் கையை மூடிக்கொண்டேன். உம்மிடம் வந்து சொல்லவேண்டும் போலிருந்தது.

நீர் பௌதிகம் படிப்பித்தீர், நான் கணிதம். எண்பதுகளின் நடுவில், லண்டனிலிருந்த உம்முடைய மருமகன் அனுப்பிய சிறு கணினியை ஆய்வுகூட மேசையில் வைத்து, கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு வயரால் பூட்டினீர். அதன் குறையை எனக்கு விளக்க நீர் சொன்ன உதாரணத்தைப் பிறகு நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். விளக்கை அணைத்ததும் கரும்பலகையில் எழுதியதெல்லாம் தானாக அழிந்துபோகும் வகுப்பறை ஒன்றை நினைத்துப் பாரும் என்றீர்.

ஒரு சஞ்சிகையில், ஏதோ ஒரு கொம்பனி, மற்றவர்களின் சிப்புகளுக்குப் போட்டியாக, மின்சாரம் நின்றாலும் மறக்காத சிப் ஒன்றைச் செய்யப்போவதாக அறிவித்திருந்தது. அந்தப் பக்கத்தை வெட்டி அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டினீர். அதோடு விடாமல் கொம்பனிக்கே கடிதம் எழுதினீர். பல மாதங்களுக்குப் பின் பதில் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, உற்பத்தி பற்றிப் பரிசீலித்து வருகிறோம், முடிவானதும் அறிவிப்போம்.

"இல்லை எண்டு எழுதேல்லைத்தானே, மாஸ்ரர்" என்றீர்.

"ஓம் எண்டும் எழுதேல்லை. எங்கடை புது ஆய்வுகூடத்துக்கும் கல்வித் திணைக்களம் உப்பிடித்தான் எழுதினது. எங்கை காணும், இன்னும் கூரையே ஏறேல்லை."

"உமக்குக் கணக்கிலை மட்டுந்தான் நம்பிக்கை."

"கணக்கு ஒருநாளும் பரிசீலிக்கிறம் எண்டு எழுதாது."

ஆசிரியர் அறை முழுவதும் சிரித்தது. நீரும் சிரித்தீர். ஆனால் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது உம்முடைய முகத்தில் சந்தேகம் இருக்கவில்லை.

தொண்ணூறில் சண்டையால் காங்கேசன்துறைப் பக்கத்துச் சனம் ஊரைவிட்டு எழும்பி வந்தபோது நீரும் குடும்பத்தோடு, கணினியையும் தூக்கிக்கொண்டு, கொக்குவிலில் என் பக்கத்து வீட்டுக்கு வந்தீர். உம்முடைய ஊரவர்கள் உரும்பிராயிலும் கோப்பாயிலும், கோயில் மடங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் சிதறிப்போனார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் கடிதங்களோ பழைய விலாசத்துக்கே வந்துகொண்டிருந்தன. ஊர் வாத்தியாருக்கு எல்லோரையும் தெரியும் என்று தபால்காரர் அவற்றை உம்மிடம் தந்தார். நீர் சைக்கிளில் போய் விசாரித்து, எந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது என்பதை, ஊரில் இருந்த தெரு வரிசைப்படி, ஒழுங்கை ஒழுங்கையாகக் கணினியில் ஏற்றினீர். மின்சாரம் அடியோடு நின்றுவிட்டதால் கார் பற்றரியில் ஓட்டினீர். அணைத்தால் கணினி மறந்துவிடும் என்பதால் பட்டியலை ஒலிநாடாவில் பதிந்து வைத்தீர்; அதுவும் ஒரேயொரு நாடா. குறிப்பெழுதிய துண்டுக் காகிதங்கள் அடுப்பு மூட்டப் போயின.

"ஒரு கொப்பியிலையும் எழுதி வையுங்கோவன்" என்று உம்முடைய மனைவி சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். "அந்தச் சிப் வரட்டும். பிறகு நாடாவும் வேண்டாம், கொப்பியும் வேண்டாம்" என்றீர். நான் சிரித்தேன். அது வராது என்று உறுதியாக நம்பியவன் நான். கொப்பியை எடுத்து அன்றைக்கே உட்கார்ந்திருக்க வேண்டியவனும் நான்தான். வாதத்தில் வென்றதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஒருநாள் காலை பட்டியலைக் கணினிக்குள் ஏற்றி முடித்த கையோடு நாடா ஒலிப்பதிவுப் பொறிக்குள் சிக்கிக் கிழிந்துவிட்டது. "மாஸ்ரர், கெதியா வாரும்! ஒரு சீ.ஆர். கொப்பியும் கொண்டு வாரும்!" என்று விறாந்தையில் நின்று கத்தினீர். பற்றரி ஏற்கெனவே இறங்கியிருந்தது. மாற்றப் பற்றரி இல்லை. அது நின்றால் எல்லாம் போய்விடும். நீர் திரையைப் பார்த்து வாசித்தீர். பெயர், எத்தனை பேர், இருக்கும் இடம். நான் எழுதினேன்.

ஆனால் எப்படி எழுதினேன்? அடிமட்டம் வைத்து ஓரக்கோடு போட்டு, மூன்று பத்தி பிரித்து, ஒவ்வோர் எழுத்தையும் உருட்டி. எத்தனையோ வருடம் பிள்ளைகளின் கொப்பிகளில் "துப்புரவாக எழுதவும்" என்று எழுதிய கை அது.

"மாஸ்ரர், உது சோதனைத் தாள் இல்லை. கிறுக்கும் காணும்!"

"இந்தா, இந்தா" என்றேன். கொஞ்சம் வேகமாக்கினேன். போதவில்லை. திரையில் படம் நான்கு பக்கமும் சுருங்கத் தொடங்கியது. கடைசியாகக் கடற்கரை ஒழுங்கை மட்டும் மிச்சம். புதுப் பக்கம் புரட்டினேன். "சின்னத்தம்பி சிவபாதம். மனிசி, நாலு பிள்ளையள்" என்றீர். எழுதிவிட்டுப் பார்த்தால், அந்தப் பக்கத்தில் இடத்துக்கான பத்திக்குக் கோடு போடவில்லை.

"கொஞ்சம் பொறும்" என்றேன்.

நீர் பொறுத்தீர். வகுப்பில் ஒரு நிமிடம் வாய் மூடாத மனிதர், நான் கேட்டதற்காகப் பேசாமல் நின்றீர். கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்தேன். திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

கடற்கரை ஒழுங்கை முழுவதும் போயிற்று. யார் எந்த முகாம் என்று எவ்வளவு யோசித்தும் உமக்கு நினைவு வரவில்லை. அந்த மாதத்திலேயே சிவபாதத்தின் அக்கா கொழும்பிலிருந்து வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றார். "தம்பி எங்கை இருக்கிறான் எண்டு உங்களிட்டை எழுத்திலை இருக்காம், மாஸ்ரர்."

"இருந்தது, அக்கா. மெசின் அழிச்சுப்போட்டுது" என்றீர்.

என் பக்கம் நீர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கோடு போட்ட கதையை நானும் சொல்லவில்லை. பல நாள் அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முகாம் முகாமாகத் திரிந்தீர். சிவபாதம் குடும்பத்தோடு கடலேரி தாண்டி வன்னிக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். அதற்குமேல் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அக்கா அழாமல், உமக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறு வருடம் நெஞ்சுவலி வந்து நீர் போய்விட்டீர். அந்தக் கொம்பனி சொன்னபடி சிப்பைச் செய்ததா, இல்லையா என்பது எனக்கு இன்றும் தெரியாது. யாரோ செய்துவிட்டார்கள். நம்பியதில் நீர் பிழை விடவில்லை, நண்பரே. எனக்குத்தான் என் சந்தேகத்தை ஒரு வேலையாக மாற்றத் தெரியவில்லை.

தொண்ணூற்றைந்தில் மறுபடியும் சண்டைக்குத் தப்பி எல்லோரும் தென்மராட்சிக்கு நடந்தபோது கொப்பியை உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுபோனேன். அதற்கு முன்னமே அதை வைத்துப் பல கடிதங்கள் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தன. அந்த வீடுகளில் எல்லாம் உம்முடைய பெயரைத்தான் சொன்னேன். கடைசிப் பக்கத்தை யாருக்கும் காட்டியதில்லை. சின்னத்தம்பி சிவபாதம் என்று அழகான எழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் சற்றும் கோணாத ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை.