அணைத்தும் அணையாத பல்ப்

நவம்பர் 9, சனி

அப்பா ரூமில் இருந்த குண்டு பல்ப் இன்று போய்விட்டது. கருமாதி முடிந்து, அப்பா தலைமாட்டில் ஏற்றியிருந்த விளக்கையும் எடுத்தாகிவிட்டது. அந்த ரூமில் இருந்த வெளிச்சமே இந்த பல்ப் ஒன்றுதான்.

உத்திரமேரூர் பஜாரில் குண்டு பல்ப் கேட்டேன். "இன்னா சார் நீ, எந்தக் காலத்துல கீற?" என்று கடைக்காரர் எல்இடியை நீட்டினார். வாங்கி வந்து மாட்டினேன். ரூம் ஆஸ்பத்திரி மாதிரி வெளுத்துப் போயிற்று. படத்தில் அப்பா என்னையே பார்க்கிறார்.

நவம்பர் 10, ஞாயிறு

சாயந்திரம் மழை விட்டதும் அப்பா ரூமில் குடை எடுக்கப் போனேன். சுவிட்சை அணைத்தேன். பல்ப் அணைந்தது. ஆனால் முழுசாக அணையவில்லை. சாம்பல் மூடிய நெருப்பு மாதிரி உள்ளே லேசாக ஒரு வெளிச்சம்.

போட்டேன், அணைத்தேன். மறுபடியும் அதே. குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

நவம்பர் 11, திங்கள்

உரக்கடையில் மூட்டையை எண்ணும்போதும் அதே நினைப்பு. எல்இடிக்குக் கரண்ட் கம்மி, சூடு கிடையாது, வருஷக்கணக்கில் உழைக்கும், எல்லாம் சரி. குண்டு பல்ப் கரண்டைக் குடிக்கும், கைவைத்தால் சுடும், சீக்கிரம் பியூஸ் போகும். இருந்தாலும் மஞ்சள் வெளிச்சம், கண்ணுக்கு இதம். அதைவிட, அணைத்தால் அணையும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நவம்பர் 12, செவ்வாய்

அம்மாவும் பார்த்துவிட்டாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்கப்பாதான்டா. எங்கியும் போவல, இங்கதான் கீறாரு."

சோறு இறங்கவில்லை. என் அப்பாதானே, அவருக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? ஆனாலும் பயமாக இருக்கிறது. வேறென்ன எழுதுவது?

நவம்பர் 13, புதன்

குண்டு பல்பே மாட்டலாம் என்று வளர்மதியிடம் சொன்னேன். "எல்இடி வெளிச்சத்துல கண்ணு வலிக்குது."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணம் பண்ணிக்கினு இத்தினி வருஷம் ஆச்சு, உங்களத் தெரியாதா எனக்கு? கண்ணு வலிக்கு ஏன் இப்பிடி வேர்த்துக்கினு கீறீங்க?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருப்பினும், பழைய சரக்கில் தேடச் சொல்லி அதே கடையில் ஒரு குண்டு பல்ப் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். மாட்டத்தான் ஆளில்லை.

நவம்பர் 15, வெள்ளி

எழுத வரல.

வெள்ளிக்கிழமைன்னு காலைல வளர்மதி வீடு கழுவினா. தரையெல்லாம் ஈரம். "குடுங்க, நானே மாட்டிடறேன், உங்க பயம் தெளியட்டும்"னு குண்டு பல்பை எடுத்துக்கினு இரும்பு ஸ்டூல் மேல ஏறினா. நான் வாசப்படியிலயே நின்னேன். உள்ள கால் வெக்கல. "சுவிட்ச் ஆஃப்லதான் கீது"ன்னு அங்கிருந்தே சொன்னேன். ஆஃப்லதானே இருந்துச்சு? நானே அணைச்சேனே!

எல்இடியைக் கழட்டிட்டா. இன்னொரு கையால அந்தப் பித்தளை ஹோல்டரைத் தொட்டா — ஒரு சத்தம். அவ்ளோதான். ஸ்டூலோட சாய்ஞ்சா.

அப்பா, அவளை விட்டுடு. உன்னைக் கும்பிடறேன்.

நவம்பர் 16, சனி

பெரியாஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டோம். விரல் நுனி கருகியிருக்கிறது, தோளில் வீக்கம். பிழைத்தாள். கரண்ட் என்று டாக்டர் சொன்னார். மெயினை அணைத்துவிட்டு மெழுகுவத்தியில் எழுதுகிறேன்.

நவம்பர் 17, ஞாயிறு

எலெக்ட்ரீஷியன் வசந்த்குமார் வந்தார். டெஸ்டரை ஹோல்டரில் வைத்தார். சுவிட்ச் அணைந்திருக்கும்போதே டெஸ்டர் எரிந்தது.

"அண்ணே, கரண்ட் வர்ற ஒயர நேரா ஹோல்டருக்கே குடுத்துட்டாங்க. திரும்பிப் போற ஒயர்லதான் சுச்சு கீது. நீங்க அணைச்சாலும் ஹோல்டர்ல கரண்ட் இருந்துக்கினே இருக்கும்."

மழையில் சுவர் ஊறிக் கொஞ்சம் கரண்ட் கசிந்திருக்கிறது. எல்இடி எரிய அந்தக் கசிவே போதுமாம். குண்டு பல்புக்குப் போதாது, அதனால் இத்தனை வருஷம் வெளியே தெரியவில்லை. பேய் என்று நான் ஓடினேன். அது மட்டும் மினுங்காமல் இருந்திருந்தால் இப்போதும் தெரிந்திருக்காது. அந்த எல்இடியைத்தான் கழற்றச் சொன்னேன்.

"யாருண்ணே இந்த ஒயரிங் பண்ணது?"

அப்பாதான். பம்புசெட் மோட்டாரையே பிரித்து மாட்டுகிறவன் நான், ஒரு ரூமுக்கு எதற்கு ஆள் என்று அவரே செய்தார். அந்த ஹோல்டரில் அவர் எத்தனை தரம் கை வைத்திருப்பார்! நான்? அம்மா?

அம்மா மட்டும் தலையை ஆட்டினாள். "நான் சொல்லல? அது அவுரு வேலதான்னு."

நவம்பர் 20, புதன்

ஒயரை மாற்றியாயிற்று. பித்தளை ஹோல்டர் போய் பிளாஸ்டிக். அதே எல்இடியை மாட்டச் சொன்னேன். வளர்மதி கட்டுப் போட்ட கையோடு வாசப்படியில் நின்று, "ம், போங்க உள்ள" என்றாள். போனேன்.

சுவிட்சை அணைத்தேன். முழு இருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

கட்டிலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். "உங்கப்பா பூட்டாராடா?" என்றாள்.

இருட்டில் நின்றேன். பயம் வரவில்லை. வந்திருந்தால் தேவலாம் போலிருந்தது. தடவிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.