என் நிரையில் நீ பறித்த கொழுந்து

இன்று காலை வெற்றிலை மடிக்க ஒரு தாளைக் கிழித்தேன். பேத்தி ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். "அம்மாயி, அது என் பாட நோட்டு! மூளைப் படம் போட்டு வச்சிருக்கேன்." பதுளையில் ஆஸ்பத்திரித் தாதி வேலைக்குப் படிக்கிறவள், லீவில் வந்திருக்கிறாள். தாளில் நட்சத்திரம் நட்சத்திரமாக வரைந்து, ஒன்றின் கை இன்னொன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

உடம்பையே கட்டியிருக்கும் மிகச் சின்ன அறைகளுக்குக் கலம் என்று பெயராம். மூளையில் நினைக்கிற வேலை செய்யும் நரம்புக் கலங்களைச் சுற்றி, கிளியா என்று வேறு கலங்கள் இருக்கின்றனவாம். அவை ஒன்றோடொன்று ஒட்டும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள். உப்பும் சத்தும் சேதியும் அதன் வழியே போய்வருமாம். "ஒட்டி ஒட்டி இருக்கிற நம்ம லயத்து வீடுங்க மாதிரி அம்மாயி. ஒரு காம்பராவுல கறி மிஞ்சினா அடுத்த காம்பராவுக்குப் போகும்ல?" பக்கத்துக் காம்பராவில் இருந்த உனக்கு வந்த மறதி நோயில் அந்த வாசல்கள் கெட்டுப்போகுமாம். சில திறந்தே கிடந்து, வழியக்கூடாதது வழிந்து நரம்புக் கலத்தை வதைக்குமாம்.

"அதனாலதான் அவளுக்கு நோய் வந்துச்சா?"

"வாசல் கெட்டதால நோயா, நோய் வந்ததால வாசல் கெட்டுச்சான்னு இன்னும் சரியாத் தெரியல."

"படிச்சவங்களுக்கேவா?"

"பாதி தெரியும், அம்மாயி."

பாதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

தேயிலை மலையில் கங்காணி ஆளுக்கொரு வரிசையாகப் பிரித்துக் கொடுத்த நிரையை விட்டு அடுத்தவள் நிரையில் கை வைத்தால் நமக்குள் அது திருட்டு. முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நிரையில் பறித்தவள், அன்று என் நிரையில் புகுந்து கொழுந்தைக் கிள்ளினாய். "என்னடி, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றேன். "இது என் நிரைதான்டி," என்று சிரித்தாய். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் எல்லோர் முன்னாலும் "கொழுந்து திருடி" என்று கத்தினேன். "வயசான காலத்துல ஏம்மா இந்தச் சண்டை," என்று கங்காணி ஐயா ஓடி வந்தார். நீ கூடையைப் பார்த்தாய், செடியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். அந்த முழியை நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

அதன்பின் ஏழு வருடம் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தோம். முன்பெல்லாம் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாகிறது என்று, முதலில் எழுந்தவள் சுவரை மூன்று தரம் தட்டுவாள். மற்றவள் திருப்பித் தட்டுவாள். வேலைக்குப் போகாமல் வீட்டோடு கிடந்த காலத்தில் நீ மத்தியானங்களில் தட்டத் தொடங்கினாய். மூன்று தட்டு. சற்று நின்று, மறுபடி மூன்று. சீண்டுகிறாய் என்று ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

உன் மகள் வந்து நின்றாள். "பெரியம்மா, அம்மாவுக்கு என்னையே தெரியல. உங்க பேரை மட்டும் சொல்லுது. ஒருக்கா வந்து பாருங்க."

"திருடுறப்ப மட்டும் எல்லாம் தெரிஞ்சிச்சுல்ல," என்று அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் செத்துப் போய்விட்டாய்.

இந்த நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே உள்ளே தொடங்கிவிடுமாம். எப்போது தொடங்கியது? பண்டாரவளைச் சந்தையில் என்னை நிற்க வைத்துவிட்டு நீ மட்டும் பஸ் ஏறினாயே, அது நீயா, நோயா? என் மகள் கல்யாணப் பந்தலில், "மாப்பிள்ளை அழகுதான், பொண்ணுதான் கொஞ்சம் மட்டு," என்றாயே, அது யார்? நீ கட்டியிருந்த சேலையின் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. பேத்தியைக் கேட்டால் கையை விரிக்கிறாள்.

திருடி என்று நான் சொன்னதில் மட்டும் குழப்பமில்லை. அன்று என் மூளை நன்றாகத்தான் இருந்தது. திருப்பித் தட்டாமல் இருந்த கையும் என் கைதான்.

என் நிரையில் நீ கை வைத்ததை நோயின் தலையில் போட்டுவிட்டேன். போகட்டும், பஸ்ஸையும் போட்டுவிடுகிறேன். பந்தலில் சொன்னதைப் போட மாட்டேன். அந்த வாய் உனக்குத்தான் உண்டு. அதையும் நோய்தான் சொன்னது என்று விட்டுவிட்டால், நான் கோபித்துக்கொள்ள நீ எங்கேயடி இருப்பாய்?