கால்விரலில் கொடிக்கயிறு

1996 ஜூலை 8, திங்கள்

நாலாவது நாளாகத் தூறல். பாப்பாவின் நாப்பி பதினொன்று காயவில்லை. நீல கிடார் உடம்புக்கு அடித்த வார்னிஷும் காயவில்லை. ரெண்டையும் ஒரே ஃபேனில் வைக்கலாமாம், என் புருஷன் ரகு யோசனை. நாற்றம் துணியில் ஏறாதா? இவனுக்கு மூக்கே கிடையாதா?

சாயங்காலம் ஆல்பர்ட். கல்யாணங்களில் வாசிக்கிறவர், நீலம் அவருக்குத்தான். போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு எங்கள் சிவப்பு கிடாரை இரவல் வாங்கிப் போனார். அதிலிருந்து ஒரே பாட்டு.

"செவப்புல வர்ற சவுண்டு காதுலயே நிக்குது மேடம். புதுசுல அதே சவுண்டு ஓணும். இல்லாங்காட்டி செவப்பையே குடுத்துடுங்க, நீலத்த நீங்க வெச்சிக்கோங்க."

சனிக்கிழமை வரட்டும், ரெண்டில் ஒன்று என்று ரகு ஒத்துக்கொண்டுவிட்டான். என்னைக் கேட்காமல்.

"சும்மா ஆணியில தொங்குது, யாராச்சும் வாசிக்கட்டுமே."

சும்மாவா? நாங்கள் கட்டின முதல் கிடார். என் கை சுற்றின முதல் பிக்கப்.

வாங்க: உப்புத்தாள், கம்பிச் சுருள் 1, கிரைப் வாட்டர். பாப்பா தடுப்பூசி வியாழன்.

9, செவ்வாய்

தூறல். பாப்பா தூங்கினதும் பின்னறையில் பிக்கப் சுற்ற உட்கார்ந்தேன். பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவை. ஆறு காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, எட்டாயிரம் சுற்று. கிடாரின் சவுண்டே இதில்தான். தையல் மெஷின் மோட்டார் சுற்றும், வலது கால் பெடலில். கம்பியை விரலிடுக்கில் விட்டுக்கொண்டே இருக்கவேண்டியது. இறுக்கினால் போச்சு.

மூவாயிரத்தில் அறுந்தது. அப்புறம் ஆயிரத்து இருநூறில். அப்புறம் ஐயாயிரம் தாண்டி. அழுகை வந்தது.

மூன்று தடவையும் பாப்பா அழுகிற மாதிரி கேட்டது. கை தானாக இறுகியது. ஓடிப்போய்ப் பார்த்தால் முஷ்டியை மூடிக்கொண்டு தூக்கம். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு இருக்கிறது. இருக்காதா பின்னே. ஏழு மாசமாக இதே வேலை எனக்கு.

காலேஜ் கடைசி வருஷம், ரகு வீட்டு மாடி. இதே மாதிரி மழை. அவங்க அம்மாவின் மெஷினிலிருந்து கழற்றின இதே மோட்டார். கீழேயிருந்து, "என் மோட்டார் எங்கடா?" "காலேஜ் புராஜெக்ட், ஆன்ட்டி!" சிரித்துச் சிரித்து வயிறு வலி. கம்பி ஒரு தடவைகூட அறுந்துபோகலை. அன்றைக்கு என் கை எப்படி இருந்தது?

10, புதன்

இன்னும் ரெண்டு அறுந்தது. ரகு முயற்சி: நானூறு சுற்று. அவன் கை மரத்துக்குத்தான் சரி.

"ரெடிமேட் வாங்கி மாட்டிடலாமா?"

"அதுல அதே சவுண்டு வருமா?"

ரகு எழுந்து போய் சிவப்பை இறக்கித் துணியால் துடைத்தான். கொடுக்கிறதுக்குத் துடைக்கிற மாதிரி. பார்க்காத மாதிரி பருப்பைத் தாளித்தேன். கருகிவிட்டது.

ஹவுஸ் ஓனரம்மா ஜன்னலில், கன்னடம் கலந்த தமிழில்: "ஏன்ரீ, மகு உள்ள அழுதா உங்களுக்குக் கேக்குமா, இந்த மிஷின் சத்தத்துல?"

கேட்காது. அதுதானே பயம்.

11, வியாழன்

ஊசி. தொடை வீங்கி ஜுரம். நாள் முழுக்க மடியில். மத்தியானம் தூளியில் போட்டேன். பழைய முந்தானையில் கிழித்த நாடாவைத் தூளியில் கட்டி, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு பாயில் படுத்தேன். ஆட்ட ஆட்ட நானும் தூங்கிப்போனேன். பாப்பா புரண்டபோது காதுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்தது.

விரலுக்குத் தெரிந்தது!

12, வெள்ளி

ஜுரம் விட்டது. நாப்பியை எல்லாம் நாற்காலிகளில் போட்டுவிட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்தேன். ஹால் தூளியிலிருந்து சமையலறை வழியாகப் பின்னறை வரை. இடது கட்டைவிரலில் முடிச்சு. வலது கால் பெடல், இடது கால் பாப்பா.

ரகு வாசலில் நின்று, "என்னடி இது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?"

"மிதிச்சிடாத. தாண்டிப் போ."

கயிறு லேசாக இழுத்தது, நானும் லேசாக இழுத்தேன். அவ்வளவுதான். எழுந்து ஓடவில்லை. எட்டாயிரம். அறுந்துபோகலை. கடைசிச் சுற்று முடிந்ததும், கம்பி அசையாமல் இருக்க ரகு மெழுகு உருக்கி ஊற்றினான். ராத்திரியே மாட்டியாச்சு.

13, சனி

வெயில்! ஆல்பர்ட் பதினோரு மணிக்கே. அவரைச் சுவர் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி ரகு ரெண்டையும் மாற்றி மாற்றி வாசித்தான்.

"ரெண்டாவதா வாசிச்சீங்களே சார், அதான். இன்னா சாஃப்டா வருது! அதான் செவப்பு, கண்ண மூடிக்கினே சொல்வேன்."

ரெண்டாவது நீலம்.

"அப்ப மொதல்ல வாசிச்சது?" என்றேன்.

"அதுவா? தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். கொஞ்சம் கத்துது."

நீலத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். சிவப்பு எங்களுக்கே. ரகு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். எனக்கு சந்தோஷப்படத் தோன்றவில்லை, ரோஷம்தான் வந்தது. கத்துதாமே! நாலு வருஷமாக எவ்வளவு இனிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாப்பாவை ரகு மடியில் கொடுத்துவிட்டு சிவப்பை இறக்கி அதன் கம்பிகளை ஒரு இழுப்பு இழுத்தேன்.

ஆமாம். கத்துது. மாடியில் நாங்கள் சிரித்த மாதிரியே.

பாப்பா கண்ணை அகல விரித்து, அப்புறம் பல்லில்லாத வாயால் சிரிப்பு. இன்னொரு தடவை இழுத்தேன். இன்னொரு தடவை சிரிப்பு.

கொடிக்கயிறு இன்னும் ஹாலில்தான். நாப்பியை எங்கே காயப்போட?