பாரத் ஒன்றா, இரண்டா

சூடான இன்ஜினில் தண்ணீர் பட்டால் ஒரு வாசனை எழுமே, அது இன்று காலை உன்னை நினைக்க வைத்துவிட்டது. விற்பனைக்கு வந்த கார், நேராக வாட்டர் சர்வீஸிலிருந்து வந்திருந்தது. சிமெண்டுத் தூசிக்குப் பயந்து அரியலூரில் இன்ஜின்வரை பீய்ச்சித்தான் கழுவுகிறார்கள். பேனட்டுக்குள் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரெல்லாம் அதில் போய்விடுகிறது.

புருஷனும் பெண்டாட்டியுமாக நாம் இருவரும் பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங் நடத்திய காலத்தில் அந்த ஸ்டிக்கரைத்தான் நம்பியிருந்தோம். புகை விதியில் வண்டி பாரத் ஒன்றா, புகை குறைந்த இரண்டா என்று அதுதான் சொல்லும்.

ஆலத்தியூர் சிமெண்டு ஆலை அதிகாரி ஒருவருக்கு டெல்லிக்கு மாற்றல் வந்திருந்தது. நம்மிடம் நின்ற வெள்ளைக் கார் அவருக்குப் பிடித்துவிட்டது. பாரத் இரண்டு இல்லையென்றால் அங்கே தன் பெயருக்குப் பதியமாட்டார்கள், அதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள் என்றார். பேனட்டைத் திறந்தால் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசைத் தடம்தான் இருந்தது.

ரெண்டாயிரத்து ரெண்டு மாடல்தானே, பாரத் டூன்னு அடிச்சு விடுங்க என்று புரோக்கர் காதைக் கடித்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. மெட்ராஸில் அப்போதே பாரத் இரண்டுதான் விற்றார்கள். ஆனால் நம் பக்கத்தில் அதே மாடல், அதே வருஷம், பாரத் ஒன்றாகவும் விற்றது. வருஷத்தை வைத்துப் பிரிக்க வழியில்லை.

நீ நேராக அதிகாரியிடம் போனாய். "சார், எங்களுக்குத் தெரியலை. கேட்டுட்டுச் சொல்றோம்."

புரோக்கருக்குச் சிரிப்பு. "ஏம்மா, டாக்டரே நோயாளிகிட்ட தெரியலைன்னு சொல்லலாமா?"

"தெரியாம ஊசி போடுறதுக்கு அது தேவலைண்ணே."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டியில் பொறித்திருந்த சேசிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் நீயே தேய்த்து எடுத்தாய். வண்டியை விற்ற திருச்சி ஷோரூமுக்குப் போன்மேல் போன். அவர்கள் கம்பெனியில் கேட்டுச் சொன்ன பதில், பாரத் ஒன்று. அடித்து விட்டிருந்தால் அந்த மனிதர் டெல்லியில் பதிய முடியாத காரோடு நின்றிருப்பார். அவர் வேறு கார் தேடிப் போனார். வியாபாரம் போச்சே என்றேன். "கார் இங்கதான நிக்குது, வித்துக்கலாம் விடுங்க" என்றாய். ஏலாக்குறிச்சிக்காரர் ஒருவர் வாங்கினார். டெல்லிக்குப் போகிற ஆள் இல்லை அவர்.

அதிகாரி ஊரை விட்டுப் போகுமுன் ஆலைக் குவார்ட்டர்ஸில் சொல்லியிருக்கிறார் போல. அங்கிருந்து கார் வாங்க வருகிறவர்கள், விலை பேசும் என்னை விட்டுவிட்டு, "மேடம் பார்த்துட்டாங்களா?" என்று கேட்டார்கள். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பார்த்துட்டாங்க சார்" என்பேன். என் வியாபாரத்தில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வார்த்தை அதுதான்.

நீ இல்லாத இந்தக் கடையில் இன்னமும் எனக்குக் கூசாமல் வருவது உன் பதில். போன வாரம் பெரம்பலூரிலிருந்து வந்தவர் ஒரு வண்டியைக் காட்டி, இது பாரத் எத்தனை என்று அதே கேள்வியைக் கேட்டார். தெரியலைங்க, விசாரிச்சுத்தான் சொல்லணும் என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "விசாரிங்க. நான் இருக்கேன்."